இடப்பக்கத்து மரம்

என் மாமனாருக்குக் கோணல் ஆகாது. சுவரில் காலண்டர் கொஞ்சம் சாய்ந்து தொங்கினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் கொடியில் துணி காயப்போட்டால், பின்னாலேயே வந்து சட்டைக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரே இடைவெளி இருக்கும்படி நகர்த்தி வைப்பார். "காயறதுக்குத்தானே மாமா போட்டிருக்கேன், கண்காட்சிக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "கோணலாத் தொங்கினா பார்க்கிற கண்ணுக்கு வலிக்காதா?" என்றார். அப்படி வலிக்கிற கண் அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. என் புருஷன் கொடிப் பக்கமே திரும்பாமல் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார்.

மாமா தோட்டக்காரர். வெறும் தோட்டக்காரர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வலப்பக்கத் தோட்டக்காரர் என்று சொல்ல வேண்டும்.

ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் அந்தப் பெரிய தோட்டத்தை எந்தக் காலத்திலோ ஒரு செல்வந்தர் போட்டார். தூர தேசத்து அரண்மனைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அப்படியே வேண்டும் என்று நூல் பிடித்து அளந்து போட்டது. வாசலில் இருந்து கடைசி வரை நடுவில் ஒரு நேரான கால்வாய். கால்வாய்க்கு இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுவேதான் வலப்பக்கமும். இந்தப் பக்கம் முக்கோணப் பாத்தி என்றால் அந்தப் பக்கமும் முக்கோணப் பாத்தி. இந்தப் பக்கம் பந்து மாதிரி வெட்டிய செடி என்றால் அந்தப் பக்கமும் பந்து. வேலிச்செடிகளின் தலையெல்லாம் ஒரே மட்டம். கால்வாய் முடிகிற இடத்தில் ஒரு கல் மேடை, அதற்கு இருபுறமும் கோபுரம் மாதிரி கூம்பாக உயர்ந்த இரண்டு பெரிய சைப்ரஸ் மரங்கள். வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த இரண்டும்தான். செல்வந்தரின் வம்சம் போய், தோட்டம் ஒரு அறக்கட்டளையின் கைக்கு வந்த பிறகும் இது எதுவும் மாறவில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு செடி பட்டுப்போனால் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அதன் ஜோடியையும் பிடுங்கிவிட வேண்டும். அது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட முடியாது. ஒரு பக்கம் முற்றியது, ஒரு பக்கம் இளசு என்று நின்றால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்குமாம். இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டு புதுக் கன்றுகளை வைக்க வேண்டும். நோய் வந்தது சாகிறது, சரி. நோயே வராத செடி என்ன பாவம் செய்தது என்று நான் ஒருமுறை மாமாவிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். "விதின்னா விதிதான்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அது அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

இடப்பக்கத் தோட்டக்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். அவர்களுடைய அப்பா ஒருவராகவே இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டவர். அவருக்குப் பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து வாசலின் இருபுறமும் வேலைக்காரர்களுக்கு இரண்டு வீடுகள் உண்டு. அதுவும் ஜோடிதான். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அவர்கள் சமையலறை ஜன்னல். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. நான் மருமகளாக வருவதற்கு முன்பே பேச்சு நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று என் மாமியார் சாவதற்கு முன்னால் ஒருநாள் சொன்னார். கால்வாய்க் கரையில் அடுக்கடுக்காகக் கூம்பு வடிவில் வெட்டி வளர்த்த செடிகள் வரிசையாக இருந்தன. மாமா கன்றில் இருந்து கையில் வைத்துத் தாங்கி வளர்த்தவை. இடப்பக்க வரிசைக்கு ஏதோ பூஞ்சை நோய் வந்து, சின்ன மாமா என்ன செய்தும் நிற்காமல் எல்லாம் கருகிவிட்டன. விதிப்படி மாமாவின் வரிசையையும் பிடுங்க ஆள் வந்தது. மாமாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எல்லோரும் நிற்கும்போது தம்பியைப் பார்த்து, "இவன் கை வச்சது எதுதான் தங்குச்சு? பெத்த பிள்ளையே தங்கலையே!" என்று கத்திவிட்டார்.

சின்ன மாமாவின் ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. இப்படி ஒரு வார்த்தை ஒரு மனுஷன் வாயில் இருந்து வருமா? வந்தது. சின்ன மாமா கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வேலைக்கு வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார், அண்ணனோடு பேசவில்லை. மாமா அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். "வாய் தவறிடுச்சு" என்று என் மாமியாரிடம் அழுதாராம். அழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் அழுது என்ன பிரயோஜனம்? ஒருநாள் போகட்டும், இரண்டு நாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டு, பிறகு அது பழகிவிட்டது.

வேலையில் மட்டும் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. இருபக்க வேலியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் இருவரும் ஒரே அளவில் வெட்டியாக வேண்டும். அதற்கென்று கோடு கிழித்த ஒரு அளவுக்கம்பு இருந்தது. மாமா அளந்துவிட்டுக் கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிமேல் வைப்பார். சின்ன மாமா வந்து எடுத்துப் போவார், திருப்பி அங்கேயே வைப்பார். இவர் வாசல் பக்கத்தில் இருந்து வெட்ட ஆரம்பித்தால் அவரும் வாசல் பக்கத்தில் இருந்து ஆரம்பிப்பார். எதிர்ப்பக்கத்தைப் பார்க்காமல் வெட்ட முடியாது என்பதால் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மாள் என்னிடம், "அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று மெச்சிக்கொண்டு போனார். நானும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தேன், அப்போது களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுப் பெண்கள் நாங்கள் பேசிக்கொள்வோம். குழாயடியில் சின்ன மாமாவின் மனைவி சின்ன அத்தையும் நானும் நின்று பேசினால் இரண்டு ஆம்பிளைகளும் காதில் விழாத மாதிரி போவார்கள். சின்ன அத்தை அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் என் மகள் பிறந்தபோது முதல் ஆளாக வந்து குளிப்பாட்டியது அவர்தான். குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜரம்மா வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழல் கிடைத்ததே அவரால்தான். ஒருநாள் தோட்டத்து ஆட்களை எல்லாம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, சுவரில் படம் காட்டிப் பேசினார். முன்காலத்து ராஜாக்கள் செடிகூடத் தன் சொல்லுக்கு அடங்கி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்களாம், அப்படி வந்ததுதான் இந்த நேர்க்கோட்டுத் தோட்டமாம். அதற்கப்புறம் வந்தவர்கள் அது அலுத்துப்போய், கோட்டை எல்லாம் அழித்து, வளைந்த குளமும் சரிந்த புல்வெளியுமாக, யாரும் கையே வைக்காத மாதிரி தோட்டம் போட்டார்களாம். இப்போது உலகம் முழுக்க அந்தந்த ஊர்ப் புல்லையும் புதரையும் தானாக முளைத்த மாதிரி வளர்ப்பதுதான் வழக்கமாம். தண்ணீரும் குறைவாகப் போதுமாம்.

மாமா எழுந்து, "காடு வேணும்கிறவங்க காட்டுக்குப் போகலாமே, எதுக்கு டிக்கெட் வாங்கிக்கிட்டு இங்கே வரணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரம்மாவும் சிரித்தார். சின்ன மாமா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டதை நான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். அந்த இரண்டு சைப்ரஸ் மரங்கள் நிற்கும் வரை பழைய தோட்டத்தைத் தொடுவதில்லை என்று அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. அவ்வளவு பெரிய மரத்துக்கு ஜோடியாகப் புதிதாக எதையும் வைக்க முடியாது. ஆகவே ஒன்று போனாலும் இரண்டும் போகும், அதோடு தோட்டமே மாறும். அப்படி மாறினால் வேலையைக் கான்ட்ராக்ட் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், மேற்பார்வைக்குப் பழைய ஆள் ஒருவர் போதும். வாசல் வீடுகளில் ஒன்றை இடித்துவிட்டு வண்டி நிறுத்துகிற இடமாக்குவார்கள். இன்னொன்றில் அந்த ஒருவர் குடியிருக்கலாம்.

ஆக, மரம் நின்றால் இரண்டு குடும்பமும் நிற்கும். மரம் விழுந்தால் ஒரு குடும்பம் தெருவுக்குப் போகும். ஆபீசை விட்டு வெளியே வந்தபோது இரண்டு பேரும் அந்த மரங்களைத்தான் பார்த்தார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கால்வாய் காய்ந்து அடித்தளக் கல் வெளியே தெரிந்தது. கோடை முற்றும்போது இடப்பக்க சைப்ரஸின் பச்சை மங்க ஆரம்பித்தது. முதலில் மாமாவுக்குத்தான் தெரிந்தது. தன் பக்கத்தை விட எதிர்ப்பக்கத்தைத்தானே அவர் அதிகம் பார்த்தார்! தம்பி மரத்துக்குத் தண்ணீர் போதவில்லை, அவனுக்கு அது புரியவில்லை என்று முடிவு கட்டினார். வாய் திறந்து, "டேய், மரம் வாடுது பாரு" என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. சொல்லவில்லை. தானே போய்த் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

இது எனக்கு அப்போது தெரியாது. விடிந்ததும் கால் முட்டி வரை சேறோடு வீட்டுக்கு வருவார். கேட்டால் "கால்வாய்ல தூர் எடுத்தேன்" என்பார். காய்ந்த கால்வாயில் என்ன சேறு என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிற்பாடு அவர் வாயாலேயே எல்லாம் கேட்டேன்.

அவர்கள் அப்பா சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. பெரிய மரத்துக்கு மேல்மண்ணை நனைக்கிறமாதிரி ஊற்றக் கூடாது, ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிச் சோம்பேறி ஆகிவிடும். கடப்பாரையால் ஆழமாகச் சாய்வுத் துளை போட்டு, அதில் ஒரு குழாய்த் துண்டை இறக்கி, அதன் வழியாக அடிவேருக்கு ஊற்ற வேண்டும். குழாய் வாயைக் கல்லால் மூடிச் சருகைப் பரப்பிவிட்டால் மேலே ஒரு சொட்டு ஈரம் தெரியாது. மாமா மரத்துக்குப் பின்பக்கமாக, மதிலை ஒட்டி அப்படி ஒரு குழாய் வைத்தார். தம்பி எழுந்து வருவதற்குள் ஊற்றிவிட்டு, தடத்தையும் கலைத்துவிட்டு வந்துவிடுவார். கையால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்தால் எப்போதும் காய்ந்தே இருக்கும். அதனால் தம்பி ஒன்றும் செய்யவில்லை என்றே நினைத்தார்.

மரம் தெளியவில்லை. மங்கிய பச்சை மஞ்சளாயிற்று, நுனிகள் பழுப்பாயின. இன்னும் தாகம் அடங்கவில்லை என்று மாமா இன்னும் அதிகமாக ஊற்றினார். சாப்பாட்டில் கவனம் போயிற்று. காலண்டர் சாய்ந்தே தொங்கியது, அவர் கவனிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கே பயம் வந்தது.

"என்ன மாமா, மரம் பிழைக்காதா?" என்று கேட்டேன்.

"அவன் வேர்ப்பக்கம் ஏதாவது தோண்டிப் பார்த்தானான்னு தெரியணும். அது தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பார்க்க முடியும்."

"எதிர்வீடுதானே? போய்க் கேளுங்க."

"அவனா வந்து கேட்கட்டும்."

"அவர் எதுக்கு வரணும்? சொன்னது நீங்க."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டை வேகமாகத் துலக்கியதில் அதன் விளிம்பே நெளிந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், உச்சிவெயிலில், சின்ன மாமா அந்த மரத்தடியில் தலையை அண்ணாந்துகொண்டு நின்றார். மாமா வலப்பக்கத்தில் இருந்து பார்த்தார். கத்தரியைப் போட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் போனார். நான் வந்த நாளில் இருந்து அவர் பகலில் அந்தப் பாலத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. என் கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மாமா போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். சின்ன மாமா திரும்பிப் பார்த்தார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்தது, கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும், போட்டோ எடுக்கிறவரும். "பெரியவரே, ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிக்கோங்க, படத்துல விழறீங்க" என்றார் அந்த ஆள். மாமா வலப்பக்கமும் சின்ன மாமா இடப்பக்கமுமாக ஒதுங்கினார்கள். படம் எடுத்து முடிந்தது. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் மரம் தலை முதல் கால் வரை பழுப்பாகிவிட்டது.

பிடுங்குகிற அன்று அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள், மரங்களைப் பற்றிப் படித்த ஒரு நிபுணர் வந்தார். எங்கள் ஆட்கள் அவருக்கு அப்போதே மர டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று அடிமரத்தைச் சங்கிலியால் கட்டி இழுத்தது. மரம் வேரோடு சாய்ந்ததும் ஒரு நாற்றம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினோம். ஊரே காய்ந்து கிடக்கும்போது அந்தக் குழியில் மட்டும் தண்ணீர் கசிந்து நின்றது. வேரெல்லாம் கறுப்பாக, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது.

"இது தாகத்துல சாகலை, மூழ்கிச் செத்திருக்கு" என்றார் மர டாக்டர். "வறட்சியில வாடினாலும் மேலே இப்படித்தான் மஞ்சளாகும், வேர் அழுகினாலும் இப்படித்தான் மஞ்சளாகும். வித்தியாசம் தெரியாது. ஆனா இவ்வளவு ஈரம் எங்கே இருந்து வந்தது? ஒருத்தர் வழக்கமா ஊத்தற தண்ணிக்கு இந்த மரம் தாங்கும். யாரோ இதுக்கு அளவு மீறி ஊத்தியிருக்காங்க."

அப்போது இயந்திரக்காரர் மண்கட்டியில் இருந்து ஒரு குழாய்த் துண்டை உருவி எடுத்தார். கொஞ்சம் தள்ளி, வேருக்கு மறுபக்கத்தில் இருந்து இன்னொன்றும் வந்தது.

"இது யாருடையது?" என்று கேட்டார் மேனேஜரம்மா.

சின்ன மாமா முன்னால் வந்தார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. மெல்லிய குரல். "நான் வச்சதும்மா. சாயங்காலம் ஆளெல்லாம் போனப்புறம் ஊத்துவேன். வாடுதேன்னு ஊத்தினேன். இது போச்சுன்னா எங்க அண்ணன் மரத்தையும் சேர்த்து வெட்டிடுவாங்களே."

காலையில் அண்ணன், சாயங்காலம் தம்பி. ஒருவர் ஊற்றுவது ஒருவருக்குத் தெரியாமல், ஒரே மரத்துக்கு.

"சரி, ரெண்டாவது குழாய்?"

சின்ன மாமா இரண்டாவது குழாயை வாங்கிப் பார்த்தார். சேறு அப்பியிருந்தது. அதன் முனையைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமாவின் முகம் செத்தவர் முகம் மாதிரி இருந்தது.

"ரெண்டுமே என்னோடதுதான்" என்றார் சின்ன மாமா.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். மேனேஜரம்மா அறக்கட்டளைக்காரர்களிடம் ஏதோ மெதுவாகப் பேசினார். பேசிவிட்டு வருத்தமான முகத்தோடு, இனி ஒருவர்தான் இருக்க முடியும், அது மூத்தவராக இருக்கட்டும் என்றார். அதற்கும் சின்ன மாமா தலையாட்டினார். அங்கிருந்து போகவில்லை. இயந்திரம் பாலத்தைச் சுற்றி வலப்பக்கம் வந்தது. கொஞ்சமும் குறையில்லாத, கரும்பச்சையாக நின்ற மாமாவின் மரத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. அது விழுந்து, கிளைகளைக் கழித்து, வண்டியில் ஏற்றும் வரை சின்ன மாமா குழிக்கரையில் நின்றுகொண்டே இருந்தார். மாமா தன் மரம் விழுவதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி போன பிறகு சின்ன மாமா வீட்டுக்குப் போனார்.

குப்பை அள்ளுவது என் வேலை. குழியருகில் கிடந்த இரண்டு குழாய்களையும் எடுத்து வாளித் தண்ணீரில் கழுவினேன். ஒன்றின் முனை கத்தியால் சீவியது, சாய்வாக இருந்தது. மற்றது ரம்பத்தால் நேராக அறுத்து, பிசிறு போக உரசி வழவழப்பாக்கியது. மண்ணுக்குள் புதைக்கப்போகிற குழாய்க்குக்கூட விளிம்பு நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இது உங்களோடது."

"ஆமா."

"அப்போ போய்ச் சொல்லுங்க. இப்பவே போய் ஆபீசுல சொல்லுங்க."

"சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. நீ, உன் புருஷன், குழந்தை எல்லாரும் எங்கே போவீங்க?"

"எங்க பேரை இதுல இழுக்காதீங்க மாமா. நாங்க கேட்டோமா?"

அவர் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். சின்ன அத்தை பாத்திரங்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். குழாயைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததும் என் விரல்களை அதன்மேல் மூடி, கையோடு என் பக்கம் தள்ளிவிட்டார். "வேண்டாம்மா. இது உன் வாயால வர வேண்டிய பேச்சு இல்லை" என்றார். அதற்குமேல் நான் என்ன செய்வது? மூட்டை கட்ட அவரோடு நானும் உட்கார்ந்தேன். வாரம் முடிவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அந்த வீட்டை இடித்தார்கள். இப்போது என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வண்டிகள் நிற்கின்றன.

புதுத் தோட்டம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய தோட்டத்தில் நான் கண்டிராத வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. வளைந்து போகும் பாதையில் என் மகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறாள். மாமாவுக்குத்தான் அங்கே வேலையே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள், போவார்கள், அவர் ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது எது களை, எது செடி என்று கேட்டால் "எனக்குத் தெரியாது" என்பார். சாப்பாடு பாதியாயிற்று. கொடியில் துணியை எப்படிப் போட்டாலும் ஒன்றும் சொல்வதில்லை. நான் அவரிடம் தேவைக்குமேல் பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் பேச்சு நின்றுபோவது ஒன்றும் புதிதில்லையே.

ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, "அவன் வீடு உனக்குத் தெரியும்ல? கூட்டிட்டுப் போ" என்றார். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நெருக்கமான ஒரு தெருவில், மாடியில், ஒற்றை அறை. சின்ன மாமா இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிற வேலை பார்க்கிறார். வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. சின்ன அத்தை சுவரோரம் ஒதுங்கினார். அறையில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

"அந்த ரெண்டாவது குழாய் என்னோடதுடா" என்றார் மாமா. குரல் உடைந்துவிட்டது. "காலையில காலையில வந்து நான்தான் ஊத்தினேன். உன் கையால ஒண்ணும் சாகலை. நான்தான் கொன்னேன்."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"அந்த முனையைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. உன்னைத் தவிர யாரு அப்படி அறுப்பாங்க?"

"அப்புறம் எதுக்குடா உன்னோடதுன்னு சொன்னே?"

சின்ன மாமா மிச்சமிருந்த பொத்தானையும் போட்டு முடித்தார். கோபம் இல்லை அவர் முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீ மறுத்துச் சொல்வேன்னு நினைச்சேண்ணா. 'பொய் சொல்றான், அது என்னோடது'ன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்வேன்னு. அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே என் கை வச்சது எதுவும் தங்காதுன்னு சொன்னே? அதே மாதிரி இதையும் நீ சொல்லிட்டேன்னா, எனக்கு வேலை போனா என்ன, வீடு போனா என்னன்னு நின்னேன். உன் மரத்தை அறுத்து வண்டியில ஏத்தற வரைக்கும் நின்னேன்."

மாமா இரண்டு கைகளையும் தம்பியை நோக்கி நீட்டினார். சின்ன மாமா அதைப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"இப்போ வேண்டாம்ணா. இங்கே யாரு இருக்கா கேட்க?" என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "எனக்கு நேரமாகுது" என்று சின்ன அத்தையிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.